நேரடி நியமனமும் பதவி உயர்வும்: பணியமைப்புப் பிரிவில் கற்றவை

அரசுத் துறைகளில் ஒரு பதவியை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. கீழ்ப்பதவியில் இருப்பவரைப் பதவி உயர்த்துவது ஒன்று. தேர்வாணையத்தின் மூலம் வெளியிலிருந்து நேரடியாக நியமிப்பது மற்றொன்று. எந்தப் பதவிக்கு எந்த வழி, இரண்டும் உண்டென்றால் எந்த விகிதத்தில் என்பதை அந்தந்தப் பணிக்குரிய சிறப்பு விதிகள் சொல்லிவிடுகின்றன. ஆகவே இதில் நிர்வாகம் யோசிக்க என்ன இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசின் ஒரு துறையில், பணியமைப்புப் பிரிவில், அதாவது பிறருடைய நியமனம், பதவி உயர்வு, மாறுதல், ஓய்வு ஆகியவற்றைக் கோப்பில் கையாளும் இருக்கைகளில் கழித்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. விகிதம் விதியில் இருக்கிறது. அது காக்கப்படுவதும் கெடுவதும், காலியிட மதிப்பீடு எந்த மாதத்தில் அனுப்பப்படுகிறது, பதவி உயர்வுப் பட்டியல் எந்த ஆண்டில் வெளியாகிறது, ஆணையில் எந்த வரி சேர்க்கப்படுகிறது என்பன போன்ற, வெளியே யாரும் கவனிக்காத வேலைகளில்தான்.

நான் குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பதவி உயர்வின் மூலமே உதவியாளராகவும் கண்காணிப்பாளராகவும் ஆனவன். ஆதலால் என் பார்வை பதவி உயர்வு பெற்றோர் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

உதவியாளர் பதவியையே எடுத்துக்கொள்வோம். பல துறைகளில் இப்பதவியின் ஒரு பகுதி இளநிலை உதவியாளர்களுக்கும் தட்டச்சர்களுக்கும் பதவி உயர்வாகக் கிடைக்கிறது. மற்றொரு பகுதி குரூப் 2ஏ தேர்வின் மூலம் நேரடியாக நிரப்பப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் துறைத் தலைமை அலுவலகம் மாவட்டங்களிலிருந்து விவரம் பெற்று, அந்த ஆண்டில் எத்தனை பேர் வயது முதிர்வில் ஓய்வு பெறுவார்கள், எத்தனை பேர் மேல்பதவிக்குச் செல்வார்கள், இறப்பு, விருப்ப ஓய்வு, அயற்பணி (வேறு அமைப்புக்குப் பணி செய்யச் செல்லுதல்) ஆகியவற்றால் எத்தனை இடம் ஒழியும் என்று கணக்கிட்டு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதில் நேரடி நியமனத்துக்குரிய பங்கு தேர்வாணையத்துக்குச் செல்லும். பதவி உயர்வுக்குரிய பங்குக்குத் தகுதியுள்ளோர் பட்டியல் தயாராகும். இவ்வளவுதான் நடைமுறை. காகிதத்தில் பார்த்தால் இதில் சிக்கலுக்கு இடமே இல்லை.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலைத் துறையே தயாரிப்பதால், மனம் வைத்தால் சில மாதங்களில் முடிந்துவிடும். நேரடி நியமனம் அப்படியல்ல. அறிவிக்கை, விண்ணப்பம், தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, துறை ஒதுக்கீடு என்று அது பல படிகளைத் தாண்டி வர வேண்டும். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச்சில்தான் வெளியானது. அதற்குப் பிறகுதான் கலந்தாய்வு. முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம் உள்ள தேர்வுகளுக்கு இன்னும் அதிகக் காலம் பிடிக்கும். துறை மதிப்பீட்டையே ஓராண்டு தாமதமாக அனுப்பியிருந்தால், இடம் ஒழிந்த நாளுக்கும் ஆள் வந்து சேரும் நாளுக்கும் இடையே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். அத்தனை காலம் அந்த இருக்கையைக் காலியாக வைத்திருக்க எந்த அலுவலருக்கும் துணிவு வராது. தபால் நிற்காது, சட்டமன்றக் கேள்வி நிற்காது, தணிக்கைத் தடை (தணிக்கையில் எழும் ஆட்சேபம்) நிற்காது. எனவே நேரடி நியமனத்துக்குரிய இடத்தில் பணிமூப்பில் அடுத்து நிற்கும் இளநிலை உதவியாளரைத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தி அமர்த்துவார்கள். விதிகளும் அவசர நிலையில் தற்காலிகப் பதவி உயர்வை அனுமதிக்கின்றன. அப்படி அமர்ந்தவர் அந்த இடத்தைத் தம்முடையது என்று நம்பத் தொடங்கும்போதுதான் தேர்வாணையத்தின் பட்டியல் வந்து சேர்கிறது.

எங்கள் மாவட்ட அலுவலகத்தில் இவ்வாறு உதவியாளராக அமர்ந்த ஒரு பெண் ஊழியர், கணக்குப் பிரிவின் மிகக் கடினமான இருக்கையை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். நேரடி நியமன உதவியாளர்கள் வந்தபோது அவர் பதவி இறக்கம் செய்யப்படவில்லை. அதற்குள் சிலர் ஓய்வு பெற்றதால் பதவி உயர்வுக்குரிய இடம் ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பணிமூப்பு வரிசையைக் காட்டும் முதுநிலைப் பட்டியல் வெளியானபோது, அவர் பெயர் புதிதாக வந்த இளைஞருக்குக் கீழே இருந்தது. "அந்தத் தம்பிக்குக் கோப்பு எழுதக் கத்துக்கொடுத்ததே நான்தான் சார். நாளைக்கு அவர் எனக்குக் கண்காணிப்பாளரா வருவாரா?" என்று கேட்டார். அதே வாரத்தில் அந்த இளைஞரும் தனியாக வந்தார். "இந்த இடம் காலியாகி எத்தனை வருஷமாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க சார். தேர்வு தாமதமானது என் தப்பா? அதுக்காக நான் ஏன் அத்தனை பேருக்குக் கீழ போகணும்?" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் இடையே பகையை உண்டாக்கியது அவர்கள் இருவருமே தொடாத ஒரு கோப்பு, குறித்த காலத்தில் மேலே செல்லாத அந்த மதிப்பீட்டுக் கோப்பு.

இந்த இரண்டு கேள்விகளும் நாடு முழுவதும் நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கின்றன. மகாராஷ்டிரப் பொறியாளர்கள் தொடர்ந்த வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த நெறிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன. விதிப்படி நியமிக்கப்பட்டவரின் பணிமூப்பு நியமன நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும், பணி உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து அன்று. விதிக்குப் புறம்பாக, இடைக்கால ஏற்பாடாக மட்டும் அமர்த்தப்பட்டவரின் அந்தக் காலம் பணிமூப்புக்குச் சேராது என்பது அதன் சாரம். மத்திய அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தவரின் பணிமூப்பு எந்த ஆண்டிலிருந்து தொடங்கும் என்ற கேள்விக்கு, காலியிடத்துக்கான தேர்வு நடவடிக்கை தொடங்கிய ஆண்டைக் கருத வேண்டும் என்று 2012-இல் பார்மர் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏழு ஆண்டுகளுக்குள், மணிப்பூர் காவல் பணி அலுவலர்கள் தொடர்பான மேகசந்திர சிங் வழக்கில், ஒருவர் பணியில் சேராத காலத்துக்குப் பணிமூப்புக் கோர முடியாது என்று கூறி 2019-இல் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றியது. அதற்குள் முடிவாகியிருந்த பட்டியல்களைக் கலைக்க வேண்டாம் என்றும் சொன்னது. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வந்திருக்கின்றன என்றால், அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

இவற்றைப் படித்துவிட்டு, தம் வழக்குக்கு எது சாதகமோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் ஊழியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வது இதுதான்: மத்திய அரசின் சுற்றறிக்கை மாநில ஊழியருக்குத் தானாகப் பொருந்தாது, முதலில் உங்கள் பணியின் சிறப்பு விதிகளைப் பாருங்கள், அடுத்து பொது விதிகளுக்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தைப் பாருங்கள், அதன் பிறகு தீர்ப்புகளுக்கு வாருங்கள். சிறப்பு விதி தெளிவாக இருக்கும்போது தீர்ப்பைத் தேடி அலைவது வழக்கறிஞருக்குத்தான் பயன்.

பணியமைப்புப் பிரிவில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னும் எளியது. தற்காலிகப் பதவி உயர்வு ஆணை எழுதும்போது, அது எந்தப் பங்கில் எழுந்த காலியிடம் என்பதை ஆணையிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். 'நேரடி நியமனத்துக்கு ஒதுக்கப்பட்ட காலியிடத்தில், தேர்வாணையத்தால் தெரிவு செய்யப்படுபவர் சேரும் வரை, பணிமூப்பு உரிமை ஏதுமின்றி' என்ற வரியைப் பலர் இரக்கத்தால் விட்டுவிடுகிறார்கள். ஆணை கையில் கிடைக்கும் நாளில் அந்த வரி மனத்தை நோகச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது இல்லாவிட்டால் ஊழியர் தாம் ஒழுங்கான பதவி உயர்வு பெற்றுவிட்டதாகவே எண்ணி, அதன் பேரில் வீட்டுக்கடன் வாங்கி, மகளுக்குத் திருமணம் பேசி, பிறகு ஒரு நாள் கலங்கி நிற்பார். நான் அந்த வரியைச் சேர்த்ததோடு, ஆணையை வாங்க வந்தவரை உட்கார வைத்து அதன் பொருளையும் வாயால் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. பின்னாளில் அதே காரணத்தைக் காட்டி வழக்குப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

மதிப்பீட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓய்வு பெறுவோரை எண்ணுவது எளிது. பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் இருக்கிறது. எண்ணத் தவறுவது வந்து சேர்ந்தபின் போய்விடுகிறவர்களை. குரூப் 4 வழியாக வரும் இளைஞர்களில் பலர் பட்டதாரிகள், பொறியியல் படித்தவர்கள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்த கையோடு குரூப் 2-க்குப் படிக்கத் தொடங்குகிறார்கள். தேர்ச்சி பெற்றதும் வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை பெற்றும் சேராமலே விடுகிறவர்கள் ஒரு புறம். இதனால் நேரடி நியமனப் பங்கு நிரம்பியதாகக் கணக்கில் தெரிந்தாலும் இருக்கையில் ஆள் இருப்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதைத் தனியே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, அடுத்த மதிப்பீட்டில் அதையும் காரணமாகக் காட்டி எழுதினால், மேலதிகாரிகள் எளிதில் மறுப்பதில்லை. அதேபோல், கருணை அடிப்படையில் நியமிக்கப்படுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளில் நேரடி நியமனத்துக்குரிய இடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். நேரடி நியமனத்தில் வருபவர் எல்லாரும் வெளியாட்கள் அல்லர். ஒரு துறையில் இளநிலை உதவியாளராக இருந்தவர் குரூப் 2ஏ எழுதி மற்றொரு துறைக்கு நேரடி உதவியாளராக வருகிறார். அங்குள்ளவர்கள் அவரை வெளியாள் என்கிறார்கள், அவரோ அலுவலக நடைமுறை முழுவதும் அறிந்தவர். உள்ளிருப்பவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் இடையே நாம் இழுக்கும் கோடு அவ்வளவு நேரானது அன்று.

2020-ஆம் ஆண்டும் அதை அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளும் இந்தச் சமநிலை எதைச் சார்ந்திருக்கிறது என்பதை எங்களுக்கு வலுக்கட்டாயமாகக் கற்பித்தன. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. வயது முதிர்வு ஓய்வு ஏறக்குறைய நின்றுபோனது. மேலே இடம் ஒழியாததால் கண்காணிப்பாளர் பட்டியலில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவர்கள் நகராததால் உதவியாளர் இடம் ஒழியவில்லை. உதவியாளர் நகராததால் இளநிலை உதவியாளருக்கும் வழியில்லை. நேரடி நியமனத்துக்குக் கேட்டு எழுதவும் காலியிடம் குறைவு. பிறகு 2022 மே மாதம் முதல் ஓய்வு மீண்டும் தொடங்கியபோது இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தம் வந்தது. அப்போது சில அலுவலகங்களில் எளிய வழியாக எல்லா இடங்களையும் பதவி உயர்வால் நிரப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. தேங்கி நின்றவர்களின் வேதனையைப் பார்க்கும்போது அது மனிதாபிமானமாகவே தோன்றும். ஆனால் ஒரே ஆண்டில் ஒரு பதவி முழுவதையும் ஐம்பது வயதைக் கடந்தவர்களால் நிரப்பினால், அவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓய்வு பெறுவார்கள். மறுபுறம், ஒரே ஆண்டில் நேரடி நியமனத்தில் பெருந்தொகையாக ஆள் எடுத்தால், இருபத்தைந்து வயதுக்காரர்கள் கூட்டமாக ஒரே படியில் நின்று, அடுத்த பதவிக்காக இருபது ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விகிதத்தைவிட வயது அடுக்கு முக்கியம் என்று நான் எண்ணத் தொடங்கியது அப்போதுதான். அதன்பின் ஒவ்வொரு மதிப்பீட்டுடனும், அந்தப் பதவியில் இருப்போர் எந்தெந்த ஆண்டில் ஓய்வு பெறுவார்கள் என்ற அட்டவணையையும் இணைத்து அனுப்பினோம்.

தேங்கி நிற்பவர்களுக்குத் தேர்வுநிலை, சிறப்புநிலை என்று பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் ஊதிய உயர்வு உண்டே என்பார்கள். ஊதியத்துக்கு அது உதவுகிறது. ஆனால் அதே இருக்கையில், அதே வேலையில், தம்மைவிட இளையவர் கையெழுத்திடும் குறிப்பை எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது பதவி உயர்வு ஆகாது.

வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்கு எதிராகப் பேசும் என் பழைய தோழர்களிடம் நான் மறுத்துச் சொல்லும் ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு உயிர் பெறுவது முதன்மையாக நேரடி நியமனத்தில்தான். எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் 200 புள்ளி இனச்சுழற்சிப் பட்டியல், பெண்களுக்கான ஒதுக்கீடு, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை ஆகிய அனைத்தும் அந்த வழியில்தான் செயல்படுகின்றன. ஓர் இடைநிலைப் பதவியை முழுக்கப் பதவி உயர்வுக்கே விட்டுவிட்டால், முப்பது ஆண்டுகளுக்கு முன் கீழ்ப்பதவியில் யார் சேர்ந்தார்களோ அவர்களுடைய சமூகக் கலவையே மேலேயும் தொடரும். அப்படியே, நேரடி நியமனமே போதும் என்பவர்களுக்கும் ஒரு மறுப்பு உண்டு. முன்னேற வழியில்லாத பதவியில் சேர்ந்தவர் தம் முழுத் திறனையும் அங்கே செலவிட மாட்டார். ஒன்று வேறு தேர்வுக்குப் படிப்பார், இல்லையேல் நாளைக் கடத்துவார். பழைய கோப்பு எங்கே இருக்கிறது, அந்த நில எடுப்பில் முதலில் என்ன முடிவானது, எந்த அரசாணையைப் பின்னாளில் எந்த அரசாணை திருத்தியது என்ற நினைவு ஓர் அலுவலகத்தின் சொத்து. அது போட்டித் தேர்வு மூலம் வருவதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழியும் இருக்கிறது: உள்ளிருப்பவர்களுக்கு மட்டுமான போட்டித் தேர்வு. மாவட்ட நீதிபதிகள் நியமனத்தில் இதன் கதையைக் கவனித்துப் பார்ப்பது பயனுள்ளது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், 50 சதவீதம் வழக்கமான பதவி உயர்வு, 25 சதவீதம் துறைக்குள் நடத்தப்படும் போட்டித் தேர்வு, 25 சதவீதம் வழக்கறிஞர்களிலிருந்து நேரடி நியமனம் என்று வகுத்தது. துறைத் தேர்வுக்குரிய இடங்கள் பல மாநிலங்களில் நிரம்பாததால் 2010-இல் அந்தப் பங்கு 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அது மீண்டும் 25 சதவீதமாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பதவி உயர்வு பெற்றவர்களுக்குத் தனிச் சலுகை தர மறுத்த அரசியல் சாசன அமர்வு, ஆண்டுதோறும் இருவர் பதவி உயர்வு, ஒருவர் துறைத் தேர்வு, ஒருவர் நேரடி நியமனம் என்ற நான்கு புள்ளிச் சுழற்சியில் பணிமூப்பை அடுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் என்னைக் கவர்ந்தது விகிதத்தைவிட 'ஆண்டுதோறும்' என்ற நிபந்தனைதான்.

உட்போட்டித் தேர்வை நான் வரவேற்கிறேன். திறமையுள்ள ஓர் இளநிலை உதவியாளர் தமக்கு முன்னால் வரிசையில் நிற்கும் அனைவரும் ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல். ஆனால் அதில் ஒரு குறையை நேரில் கண்டிருக்கிறேன். துறைத் தேர்வுகளுக்கு யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தபால் குறைந்த இருக்கையில் இருப்பவர்கள். நீதிமன்ற வழக்குகளையும் தணிக்கைத் தடைகளையும் தலையில் சுமந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்குப் புத்தகத்தைத் திறக்க நேரம் ஏது? கடினமான இருக்கையைத் திறமைசாலிக்குத்தான் கொடுக்கிறோம். பிறகு அந்த இருக்கையே அவரைத் தேர்வில் பின்தள்ளுகிறது. ஆகவே தேர்வுக்கு முந்திய ஓராண்டில் இருக்கைகளைச் சுழற்றுவது, மதிப்பெண்ணின் ஒரு பகுதியை, ஊழியரின் வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதும் பணியறிக்கைக்கு வைப்பது ஆகியவற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

உயர்பதவிகளிலும் இதே இழுபறிதான், அளவு மட்டும் வேறு. இந்திய ஆட்சிப் பணியில் மூத்த பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் மாநிலப் பணியிலிருந்து பதவி உயர்வு பெறுவோருக்கு உரியது. அவர்கள் மாநிலத்தில் உழைத்த ஆண்டுகளில் ஒரு பகுதி, பணிமூப்புக்கு அடிப்படையான ஒதுக்கீட்டு ஆண்டை நிர்ணயிப்பதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பதவி உயர்வில் வந்தவரின் அனுபவத்துக்கு விதியிலேயே ஒரு மதிப்பைப் பொருத்தியிருக்கும் இந்த ஏற்பாடு மாநிலப் பணிகளிலும் ஆராயத்தக்கது. ஒப்பந்த அடிப்படையில் வெளியிலிருந்து நேரடியாக இணைச் செயலாளர் போன்ற பதவிகளுக்கு ஆள் எடுக்கும் முறையை மத்திய அரசு 2018-இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வந்த விளம்பரம், இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தனித் தொழில்நுட்ப அறிவு வேண்டிய சில இடங்களுக்கு அம்முறை பொருந்தலாம். வழக்கமான நிர்வாகப் பதவிக்கு அதைக் கொண்டுவந்தால், இத்தனை ஆண்டுகள் உள்ளே வளர்த்த அலுவலர்களை நிர்வாகமே நம்பவில்லை என்றாகிவிடும்.

இனி, நடைமுறையில் பயன் தந்த சில செய்திகள். முதுநிலைப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை, வேண்டியவர் வேண்டாதவர் பாராமல், அறிவிப்புப் பலகையில் இட்டு ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெற்று வெளியிட வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்து, பதவி உயர்வுக்கு முந்திய நாளில் வெளியிடுவதுதான் வழக்குக்கு முதல் அழைப்பு. மறுப்புரை வந்தால் காரணத்துடன் எழுத்தில் பதில் தர வேண்டும். 'கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல' என்ற ஒற்றை வரி நீதிமன்றத்தில் நிற்காது. நேரடி நியமனத்தவர் சேரும் நாளிலேயே அவருடைய தேர்வாணையத் தரவரிசையையும், எந்த ஆண்டுக் காலியிடத்தின் மீது வந்தார் என்பதையும் பணிப்பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலுக்குரிய நாள், அதாவது தகுதி பார்க்கப்படும் நாள், நெருங்கும்போது நிலுவையில் உள்ள ஒழுங்கு நடவடிக்கைகளை முடிக்க முனைய வேண்டும். ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவின் கீழான கடுமையான குற்றச்சாட்டு ஒன்று ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடப்பதால் தகுதியுள்ள ஒருவர் விடுபட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, பழைய நாளிலிருந்து பதவி உயர்வு கேட்டு வரும்போது அதுவரை அடுக்கிய வரிசை முழுவதும் கலைகிறது.

புதிதாக வரும் நேரடி உதவியாளரை எங்கே அமர்த்துவது என்பதும் சமநிலையின் ஒரு பகுதியே. அவரை முதல் நாளிலேயே சுமை மிகுந்த இருக்கையில் தள்ளி, தடுமாறும்போது 'தேர்வு எழுதி வந்தவர்தானே' என்று ஏளனம் செய்வதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு நேர்மாறாக, எந்தப் பொறுப்பும் தராமல் தபால் பதிவில் உட்கார வைப்பதையும் கண்டிருக்கிறேன். முதல் ஆறு மாதங்களுக்கு அனுபவம் மிக்க ஓர் உதவியாளரின் பக்கத்து இருக்கையைக் கொடுத்து, இருவருக்கும் பொதுவாக ஒரு பொருளை ஒப்படைப்பது நல்ல பலன் தந்தது. கற்றுத் தருபவருக்கு அது கூடுதல் வேலை என்பதால், அதை அவருடைய பணியறிக்கையில் எழுதி வைத்தோம். புதிய ஊழியர்களுக்குப் பவானிசாகரில் நடத்தப்படும் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பும் வரிசையிலும் பாகுபாடு கூடாது. பயிற்சி முடிக்காததால் தகுதிகாண் பருவம் நிறைவாகாமல், அதனால் அடுத்த பட்டியலில் இடம் பெறாமல் போன இளநிலை உதவியாளர்கள் உண்டு. பயிற்சிக்குப் பெயர் அனுப்ப வேண்டியது அலுவலகம், இழப்பது ஊழியர்.

ஊழியர்கள் தம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. போட்டித் தேர்வாக அல்லாமல் பதவி உயர்வுக்குத் தகுதி மட்டும் தரும் துறைத் தேர்வுகள் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கின்றன; மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வையும் சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வையும் பணியில் சேர்ந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் பட்டியலுக்குரிய நாளுக்கு ஒரு நாள் பிந்தித் தேர்ச்சி பெற்றாலும் அந்த ஆண்டு போய்விடும். தேர்ச்சி அறிவிக்கை, நியமனத்தை முறைப்படுத்தும் பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவ நிறைவு ஆணை, பதவி உயர்வைத் துறந்திருந்தால் அதற்கான கடிதம் ஆகிய நான்கின் நகலையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, இவை பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கையொப்பமிடும் உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. மாறுதலில் வேறு மாவட்டத்துக்குச் செல்பவர்கள், பதிவேடு அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.